ஆற்றில் போட்டு லேப்டாப்பில் எடுத்த தோடி

அன்புத் தோழிக்கு,

டொராண்டோவில் இப்போதே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே ஐப்பசி பிறந்தும் வெயில் விடவில்லை. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பாலத்தில் நின்று எட்டிப் பார்க்காதவர்கள் விருத்தாசலத்தில் இல்லை.

"நம்ம பாட்டு டீச்சரோட நோட்டை யாரோ கம்ப்யூட்டர் பையன்கிட்ட தூக்கிக் கொடுத்துட்டியாமே?" என்று கேட்டிருந்தாய். உனக்குச் சொன்னது யாரென்று தெரியாதா எனக்கு? பாலக்கரைக்காரியைத் தவிர வேறு யார்! நான் கொடுத்தது உண்மைதான். ஆனால் அவள் சொன்னதில் பாதிதான் நிஜம். முழுக் கதையை நான் சொல்கிறேன், கேள்.

முதலில் ஊர் வம்பு. கொலு முடிந்ததும் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் அகல் விளக்கு வேலை சூடு பிடித்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவுக்குத் தலை சொறிய நேரமில்லை. இந்த வருஷமும் கொலு பொம்மைகளில் தசாவதார செட்டைவிடக் கிரிக்கெட் செட்தான் அதிகம் போயிற்றாம். "பதினோரு பேரையும் அச்சுல வார்த்து, ஓரம் சீவி, சூளையில ஏத்தி இறக்கினா, அம்பயருக்குக் கை உடைஞ்சிருக்கு. அம்பயர் இல்லாம செட்டை யாரு வாங்குவா?" என்று என்னிடம் வந்து புலம்பினாள். மூத்த மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். இளையவன், அதுதான் சின்ன வயதில் நம் டீச்சர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மிருதங்கத்துக்குத் தொடையில் தாளம் போடுவானே, அவன், சென்னையில் கம்பெனி வேலை. ஆயுத பூஜைக்கு வந்தவன் லேப்டாப்பும் கையுமாக இங்கேயே தங்கிவிட்டான். வீட்டிலிருந்தே வேலையாம்.

அவன் எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறான் தெரியுமா? பொம்மை பேக் பண்ணும் குடோனில். வைக்கோல் கட்டுகளைச் சுற்றி அடுக்கி வைத்திருக்கிறான். எதிரொலியை வைக்கோல் வாங்கிக்கொள்ளுமாம், ரெக்கார்டிங்குக்கு நல்லதாம். அவன் அம்மாவுக்கோ, வைக்கோல் கட்டை இளையவன் பிடித்து வைத்துக்கொண்டால் லோடு எப்படி அனுப்புவது என்று கவலை. தினமும் ஒரு சண்டை, எங்கள் வீட்டுத் திண்ணைவரை கேட்கும்.

அந்தக் குடோனில்தான் கூத்து ஆரம்பித்தது. என்னிடம் மாலையில் பாட்டு கற்க வரும் பிள்ளைகள் வீட்டில் சாதகம் செய்ய ஏதாவது ஒலிப்பதிவு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதை இவனிடம் சொன்னேன். "ஆண்ட்டி, டீச்சர் நோட்டை போட்டோ எடுத்துக் கொடுங்க, ஏஐ கிட்ட கொடுத்து ப்ராஜெக்ட்டாவே பண்ணித் தரேன்" என்றான். எனக்கு முதலில் விளங்கவில்லை. பாட்டுக் கேட்டால் ப்ராஜெக்ட் என்கிறானே என்று பார்த்தேன்.

விஷயம் இதுதான். 'ரீப்பர்' என்று ஒரு ரெக்கார்டிங் மென்பொருள். அதில் ஒரு பாட்டை வெறும் ஒலியாக வைக்காமல் பிரித்துப் பிரித்து வைக்கலாம். பாட்டுக்கு ஒரு டிராக், தம்பூராவுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, தாளத்தட்டுக்கு ஒன்று. பல்லவி இங்கே தொடங்குகிறது, முக்தாயி ஸ்வரம் இங்கே என்று கொடி நட்டு வைக்கலாம். பிள்ளை சரணத்தில் தடுமாறுகிறதா, அந்த ஒரு வரியை மட்டும் சுற்றிச் சுற்றி ஓட விடலாம். சுருதியை மாற்றாமல் வேகத்தைக் குறைக்கலாம். பையன்களுக்கு ஒரு கட்டை, பெண்களுக்கு ஐந்து கட்டை என்று மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் பிடித்துப்போயிற்று.

இதில் ஏஐ எங்கே வந்தது என்று கேட்பாய். ரீப்பர் சேமித்து வைக்கும் ப்ராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துதானாம். நோட்பேடில் திறந்தாலே தெரிகிறது, நானே பார்த்தேன். எழுத்து என்றால் ஏஐ எழுதிவிடும். 'ஏபிள்டன் லைவ்' என்ற இன்னொரு மென்பொருளின் கோப்பும் சுருக்கி வைத்த எழுத்துதான், விரித்தால் படிக்கலாம். 2024 நவம்பரில் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்று ஒரு பொது ஏற்பாடு வந்த பிறகு, ஏஐ உதவியாளர் இப்படிப்பட்ட மென்பொருள்களுக்குள் நேரடியாகவே கை வைத்து டிராக் போடவும் கொடி நடவும் வழி ஏற்பட்டுவிட்டதாம். ஆக, நோட்டுப் பக்கத்தின் போட்டோ ஒரு பக்கம் போகிறது, திறந்து வாசிக்கத் தயாரான ப்ராஜெக்ட் மறுபக்கம் வருகிறது. கேட்க எவ்வளவு சுலபம் பார்த்தாயா!

டீச்சரின் நோட்டு உனக்கு நினைவிருக்கும். அண்ணாமலைநகரில் படித்தவர் அல்லவா, எழுத்திலும் அந்த ஒழுங்கு. 1929-ல் தொடங்கிய அங்குள்ள இசைக் கல்லூரியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் தமிழிசை இயக்க நாட்களில் தமிழ்ப் பாட்டுகளை ஸ்வரப்படுத்திப் புத்தகம் புத்தகமாகப் போட்டன. டீச்சரும் அதே முறையில்தான் எழுதுவார். மேலே ஸ்வர வரி, கீழே சாகித்ய வரி. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலில் புள்ளி. ஒரு மாத்திரை நீட்ட ஒரு கமா, இரண்டு நீட்ட அரைப்புள்ளி. வேகம் இரட்டித்தால் தலைமேல் கோடு.

சரளி வரிசை முதலில் போயிற்று. வந்தது பாரு, அச்சுப் பிசகாமல்! அடுத்து முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் ஒன்று. அதுவும் அப்படியே வந்தது. அவை மேற்கத்திய மெட்டுகளில் அவர் சாகித்யம் போட்ட பாட்டுகள், சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் ஆடாமல் அசையாமல் நிற்கும். குடோனிலிருந்து அது ஒலித்தபோது தெருவில் போன ரிட்டயர்டு தபால்காரர் நின்று, "என்ன தம்பி, பள்ளிக்கூட பேண்டா?" என்று கேட்டார். தப்பில்லை. பிரிட்டிஷ் ராஜகீதத்தின் மெட்டிலேயே தீட்சிதர் ஒன்று செய்திருக்கிறாரே.

பையனுக்குத் தலைகால் புரியவில்லை. "அடுத்து தோடி வர்ணம் கொடுங்க ஆண்ட்டி" என்றான். கொடுத்தேன். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது.

நோட்டின் நடுப்பக்கங்களில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கின்றன. அவன் வைத்திருந்த ஏஐ உதவியாளர் அந்த ஓட்டைகளையெல்லாம் மேல் ஸ்தாயிப் புள்ளி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. சாதுவாகப் போய்க்கொண்டிருந்த மத்திய ஸ்தாயி பஞ்சமம் திடீரென்று கூரைக்கு எகிறிக் குதித்தது. அவன் அம்மா அடுக்கிக்கொண்டிருந்த அகல் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "யாருடா அது கத்துறது?" என்றாள். அப்புறம் சாகித்ய வரியில் 'ரி', 'நி' என்று வரும் எழுத்துகளைக் கூட ஓரிடத்தில் ஸ்வரமாக வாசித்தது. தமிழில் ஸ்வரமும் பாட்டும் ஒரே எழுத்தில்தானே எழுதுகிறோம், பாவம், அதற்கு எப்படித் தெரியும்? 'ரி' என்றால் எந்த ரி, 'க' என்றால் எந்தக் கா என்பதையும் நோட்டில் எங்கும் எழுதவில்லை. தலைப்பில் 'தோடி' என்று இருக்கும், படித்தவளுக்கு அது போதும். இதற்கு அது போதவில்லை. முதல் தடவை சங்கராபரணத்தின் காந்தாரத்தைப் போட்டு வைத்தது.

"கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிடலாமாடா?" என்றேன். அவன் சிரித்துவிட்டு, வேறு விதமாக வேலையைப் பிரித்தான். இது எனக்குப் பிடித்தது, உனக்கும் உபயோகப்படும், கவனி. நேராக ப்ராஜெக்ட் போடச் சொல்லவில்லை. முதலில் பக்கத்தைப் பார்த்து வெறும் அட்டவணையாக எழுது என்றான். ஒரு வரிசைக்கு ஓர் ஆவர்த்தனம். டீச்சர் ஆதி தாள வர்ணத்தில் ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை வீதம் எழுதியிருக்கிறார். எட்டு அட்சரத்துக்கு 32. ஒவ்வொரு வரிசையையும் கூட்டு, 32 வராத வரிசையைச் சிவப்பில் காட்டு என்றான். கமா ஒன்று விட்டுப்போனாலும், தலைமேல் கோடு கண்ணில் படாமல் போனாலும் கணக்கு இடறிக் காட்டிக் கொடுத்துவிடும். சிவப்பு வரிசைகளை மட்டும் நான் நோட்டை வைத்துக்கொண்டு திருத்தினேன். ராகத்தின் ஸ்வரஸ்தானங்களைத் தனியாக எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் ப்ராஜெக்ட். அந்த முறையில் கணக்குப் பிசகெல்லாம் தீர்ந்தது; ஓட்டையைப் புள்ளியாக்கி எகிறிய இடங்களைக் காதால் பிடித்துத் திருத்தினோம்.

ஆனால் ஒரு பக்கத்தின் மூலை கிழிந்து போயிருந்தது. அந்த வரிசை சிவப்பாகவே வரவில்லை! எடுத்துப் பார்த்தால், கிழிந்துபோன இடத்துக்கு உதவியாளர் தானே ஸ்வரம் போட்டு நிரப்பியிருக்கிறது. கூட்டினால் 32. தோடிக்கு விரோதமாக ஒரு ஸ்வரம் கிடையாது. கேட்டால் யாரும் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அது டீச்சர் சொல்லிக் கொடுத்த சங்கதி இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓட்டையைப் புள்ளி என்று வாசித்தால் காதுக்கே தெரிந்துவிடும். இந்த மாதிரி நாசூக்கான தப்பு அப்படியே ப்ராஜெக்ட்டில் குடியேறிவிடும். பத்து வருஷம் கழித்து "இது விருத்தாசலத்து டீச்சர் பாடம்" என்று எவளாவது ஒருத்தி மேடையில் பாடுவாள். "தெரியாத இடத்தில் மௌனம் விடு, 'கிழிந்த இடம்' என்று கொடி நடு" என்று அவனைக் கட்டளை எழுதி வைக்கச் சொன்னேன். இப்போது அந்த இடத்தில் இடைவெளிதான் இருக்கிறது. இருக்கட்டும்.

இத்தனை திருத்தியும் ஒட்டுமொத்தமாக ஓட விட்டபோது என்ன ஆயிற்று என்கிறாய்? எழுத்துப்படி எல்லாம் சரி. தாளம் சரி. ஸ்வரம் சரி. பெரிய கோயில் பக்கத்தில் இருக்கும் நாயனக்கார மாமாவை அழைத்துக் கேட்க வைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். "இது தோடி இல்லம்மா, தோடியோட ஆதார் கார்டு" என்றார். குடோனே குலுங்கிச் சிரித்தது. பையன் மட்டும் முகம் தொங்கிப்போனான்.

ஏன் அப்படி என்று அவனுக்கு விளக்கினேன். அவனும் கம்ப்யூட்டர் பாஷையில் எனக்குத் திருப்பி விளக்கினான். 'மிடி' என்பது வாத்தியங்களும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள 1983-ல் வந்த ஏற்பாடு. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஓர் எண். டீச்சர் ஐந்தரைக் கட்டை, அதில் ஸட்ஜம் 56 என்று வைத்தால் தோடியின் காந்தாரம் 59. ஏஐ 59-ல் ஆணி அடித்த மாதிரி நிறுத்திவிட்டது. நாம் பாடும் தோடி காந்தாரம் 59-ல் எங்கே நிற்கிறது? கீழே ரிஷபம் 57, மேலே மத்யமம் 61, இரண்டுக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். நோட்டில் 'க' என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கிறது.

மிடியில் ஸ்வரத்தை வளைக்கவும் வழி இருக்கிறது, 'பிட்ச் பெண்ட்' என்பார்கள். வழக்கமான அமைப்பில் மேலே இரண்டு ஸ்தானம், கீழே இரண்டு ஸ்தானம் வளைக்கும், அதற்குள் 16,384 படிகள். கணக்குப் போட்டுப் பார், 59-லிருந்து கீழே இரண்டு போனால் 57, மேலே இரண்டு போனால் 61. தோடி காந்தாரத்துக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது! ஆக, வளைக்கக் கருவி உண்டு. எவ்வளவு வளைப்பது, எப்போது மெதுவாக, எப்போது சடக்கென்று, எங்கே ஒரு நொடி நின்று இறங்குவது என்பதுதான் எந்த நோட்டிலும் இல்லை. ஏஐயிடம் "கமகம், அதாவது இந்த அசைவைப் போடு" என்றான். எல்லா காந்தாரத்துக்கும் ஒரே அளவில் ஓர் ஆட்டம் ஆட்டி வைத்தது. கேட்டால் கிறுகிறுப்பு வந்தது.

இவன் பட்ட பாட்டை நம்மவர்கள் முன்னாலேயே பட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குச் சொன்னேன். ஏ. எம். சின்னசாமி முதலியார் என்று சென்னையில் ஒருவர். 1890-களின் தொடக்கத்தில் தியாகராஜர் கீர்த்தனைகளை மேற்கத்திய ஐந்து கோட்டு நோட்டேஷனில் எழுதி அச்சுப் போட்டார். உலகத்தில் எவன் எடுத்தாலும் வாசிக்க வேண்டும் என்ற ஆசை. இவன் ஆசையும் அதேதானே! அந்த முதலியார்தான் எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதரை விடாமல் துரத்தி, "உங்களிடம் இருப்பதை எல்லாம் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டவர். பரம்பரைச் சொத்தைப் பொதுவில் போடுவதா என்று எந்த வித்வானுக்கும் தயக்கம் இருக்கும், அந்தக் காலத்தில் கேட்க வேண்டுமா! கடைசியில் எட்டயபுரம் ஜமீன் ஆதரவில் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது.

அந்தப் புத்தகத்தில் ஸ்வர எழுத்தின் தலையில் குட்டிக் குட்டிக் குறிகள் இருக்கும். கம்பிதத்துக்கு ஒன்று, ஸ்புரிதத்துக்கு ஒன்று, நொக்கு, ரவை, கண்டிப்பு, வளி, ஒதுக்கல், ஒரிகை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. அச்சுக்கூடத்தில் அதற்கென்று எழுத்து வார்த்திருக்க வேண்டும், யோசித்துப் பார். சென்னை மியூசிக் அகாடமி 1961-ல் தொடங்கித் தமிழில் கொண்டுவந்தது. டீச்சர் வீட்டு அலமாரியில் ஒரு தொகுதி இருந்ததே, பழுப்பு அட்டை, நாம் தொட்டால் கையில் அடி விழுமே, அதுதான். சுப்பராம தீட்சிதர் அத்தனை குறி போட்டும், தோடியைக் கேட்டிராதவனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தோடி கிடைக்காது. கேட்டவனுக்குத்தான் குறி ஞாபகப்படுத்தும்.

கம்ப்யூட்டரிலும் இது புதிதில்லை. எம். சுப்ரமணியன் என்பவர் 'காயக' என்று ஒரு மென்பொருள் செய்தார். கர்நாடக ஸ்வரங்களைத் தட்டச்சு செய்தால் வாசித்துக் காட்டும். கமகம் வேண்டும் என்றால் அதன் நுணுக்கமான சின்னச் சின்ன ஸ்வரங்களையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். கமகத்தைக் கம்ப்யூட்டரே போட முடியுமா என்று 2009-ல் 'சங்கீத் நாடக்' இதழில் கட்டுரையும் எழுதினார். இன்னொரு பக்கம், பார்சிலோனாவில் சேவியர் செர்ரா தலைமையில் நடந்த 'காம்ப்மியூசிக்' ஆராய்ச்சியும், அதில் சேர்ந்து உழைத்த சென்னை ஐஐடியின் ஹேமா மூர்த்தி குழுவும், நம் ராகங்களைப் புரிந்துகொள்ள எதை எடுத்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் கச்சேரி ஒலிப்பதிவுகளை. நோட்டேஷன் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு ராகத்தைத் தேடவில்லை. பாடிய குரலில் தேடினார்கள்.

"அப்போ இளையராஜா எழுதறது?" என்று பையன் மடக்கினான். நல்ல கேள்வி. 2025 மார்ச் 8-ல் லண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை ஒரு மேற்கத்திய இசைக்குழு வாசித்ததே, அவர்களில் யாரும் அவரிடம் குருகுலவாசம் இருந்தவர்கள் இல்லை. காகிதத்தைப் பார்த்தார்கள், வாசித்தார்கள். ஏனென்றால் அந்த எழுத்து முறையில் எந்த வாத்தியம், எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக என்று பெரும்பாலும் எழுதித் தீர்த்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட காகிதத்தை ஏஐயிடம் கொடுத்தால் ப்ராஜெக்ட்டாக அடுக்குவதில் குற்றம் சொல்ல அதிகம் இருக்காது. நம் நோட்டு வேறு வகை. பாடம் ஏற்கெனவே காதில் ஏறியவளுக்கு எழுதிக் கொடுத்தது. டீச்சர் நமக்காக எழுதினார், நம்மைப் பார்த்திராதவனுக்காக எழுதவில்லை.

இன்னொரு வம்பும் இருக்கிறது. மிடி வீணை ஒலி சலித்துப்போய், "டீச்சர் குரல்லேயே பாட வெச்சிடலாமா ஆண்ட்டி?" என்று கேட்டான். 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் பாட வைத்தாரே, அதைத்தான் சொல்கிறான். அவர் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்தே செய்தார். டீச்சருக்குப் பிள்ளை குட்டி இல்லை, அனுமதி யாரிடம் கேட்பது? நீயும் நானும்தான் வாரிசு என்றால், என் ஓட்டு வேண்டாம் என்பதற்கே. உன் ஓட்டையும் எழுது.

யூடியூபில் போடப்போகிறேன் என்றும் துள்ளினான். தியாகராஜர் 1847-லேயே சித்தியடைந்தவர், அவர் பாட்டுக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லை. ஆனால் நோட்டில் பாபநாசம் சிவன் பாட்டுகளும் இருக்கின்றனவே. அவர் மறைந்தது 1973-ல். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்பது நம் சட்டம், ஆக 2033 முடியும்வரை உரியவர்களைக் கேட்காமல் போடக் கூடாது என்று அவனை அடக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது என் தீர்ப்புக்கு வருகிறேன். நம் ஊர்க் கதையே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. சுந்தரர் இங்கே பழமலைநாதரிடம் பன்னிரண்டாயிரம் பொன் வாங்கினார். மணிமுத்தாற்றில் போட்டார், திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் கேலியாகச் சொல்வோம், ஆனால் அவர் ஏமாளி இல்லை. போடும் முன் அந்தப் பொன்னில் மாதிரிக்கு ஒரு துண்டு, மச்சம் என்பார்கள், வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் வந்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தபோது மாற்று குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியான பொன்னை வாங்கினார். கையில் மச்சம் இல்லாவிட்டால் மாற்று குறைந்ததே அவருக்குத் தெரிந்திருக்காது.

நோட்டு ஆறு, லேப்டாப் குளம். நடுவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதை ஏஐ செய்யட்டும், நமக்கு ஆட்சேபம் இல்லை. எழுதி வைத்ததைப் படித்து, எண்ணி, டிராக் டிராக்காக அடுக்கும் வேலையை என்னைவிட ஆயிரம் மடங்கு வேகமாகச் செய்கிறது. கண் மங்கிய இந்த வயதில் நான் உட்கார்ந்து நகலெடுத்தால் ஆயுசு போதாது. ஆனால் எழுதாமல் விட்டதை நிரப்ப அதை விடக் கூடாது. அதற்கு உரைத்துப் பார்க்கிற மச்சம் டீச்சர் குரல்தான். பையனும் ஒப்புக்கொண்டான். குரல் ஒலிப்பதிவு இருந்தால் ப்ராஜெக்ட்டின் முதல் டிராக்கில் அதை வைத்து, காந்தாரம் எப்படி அசைகிறது என்பதை அந்தக் குரலிலிருந்தே வரைகோடாக எடுத்து, மிடி வளைவை அதன்படி மாற்றுகிறேன் என்கிறான். அப்போதும் அது டீச்சர் ஆகிவிடாது. பிள்ளைகள் சாதகம் செய்ய, பிசகு எங்கே என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

அந்தக் குரல் என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு முன் டீச்சர் வீட்டில் டேப்ரெக்கார்டர் வைத்துத் தோடி வர்ணத்தைப் பதிவு செய்தாயே, அந்தக் கேசட். அட்டைப் பெட்டியோடு கனடாவுக்குக் கொண்டுபோனாய், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறுக்காதே. அதை அவசரப்பட்டுப் பழைய பிளேயரில் செருகாதே. பிளேயரின் தலையைச் சுத்தம் செய்து, வேறு ஏதாவது கேசட்டைப் போட்டுப் பார்த்து, நாடாவை இழுத்துச் சிக்கவைக்கவில்லை என்று தெரிந்த பிறகு போடு. கம்ப்யூட்டரில் ஏற்றும்போது சுருக்காத 'வேவ்' கோப்பாகவே எடு. வாட்ஸ்அப் ஒலிச்செய்தியாக அனுப்பாதே, அது நசுக்கிவிடும். சுருதியைச் சரிபார். பிளேயர் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடினாலே அரைக் கட்டை ஏறிவிடும். டீச்சர் ஐந்தரைக் கட்டை என்பதை மறக்காதே. நடுவில் குக்கர் விசில் வந்தாலும், நீ இருமினாலும் வெட்டாதே, அப்படியே அனுப்பு.

உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் என் விசாரிப்பைச் சொல். எதிர்வீட்டு அக்கா உனக்கு ஒரு ஜோடி கார்த்திகை விளக்கு எடுத்து வைத்திருக்கிறாள், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். கேசட்டை மட்டும் தள்ளிப்போடாதே. நாடாவுக்கும் வயதாகிறது, நமக்கும் ஆகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
விருத்தாசலத்திலிருந்து உன் பெஞ்சுத் தோழி